குடிபோகும் முன்: காவல் நிலையக் கணக்கும் கையால் போடும் வரைபடமும்

தஞ்சாவூர்ப் பக்கம் வீடு தேடுபவர்கள் தண்ணீரை விசாரிப்பார்கள், பள்ளிக்கூடத்தை விசாரிப்பார்கள், பஸ் வசதியை விசாரிப்பார்கள். "ஏரியா எப்படி?" என்ற கேள்வி அட்வான்ஸ் கொடுக்கப்போகும் நேரத்தில்தான் வரும். "நல்ல ஏரியா சார், எல்லாம் டீசன்டான ஆளுங்க" என்று புரோக்கர் முடித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் என்றோ நடந்த ஒரு திருட்டை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். வாட்ஸ்அப்பில் வரும் சிசிடிவி காட்சி எந்த ஊரில் எடுத்தது என்றே தெரியாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டுக்கு இவை எதுவும் ஆதாரம் ஆகாது.

ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்குகளைப் பொதுமக்கள் பார்க்கலாம், எண்ணிக்கையைக் கேட்டு வாங்கலாம், வரைபடத்தில் குறிக்கலாம். பிரிட்டனில் 2011 முதல் தெருவாரியான குற்ற வரைபடத்தைக் காவல்துறையே இணையத்தில் வெளியிடுகிறது. தஞ்சைக்கு அப்படி ஆயத்த வரைபடம் கிடையாது. நீங்களே போட வேண்டும். இரண்டு மூன்று வாரம் மாலை நேரத்தை ஒதுக்கினால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பகுதியைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்விகள் நான்கு: என்ன நடந்தது, எங்கே நடந்தது, எந்த நேரத்தில் நடந்தது, எந்த வழியாக வந்தார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த நான்கையும் தேடும் வேலைதான்.

1. எந்தக் காவல் நிலைய எல்லை?

திருச்சியைப் போலத் தஞ்சாவூருக்கு மாநகரக் காவல் ஆணையரகம் இல்லை. நகரமும் கிராமமும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ்தான் வருகின்றன. கிழக்கு, மேற்கு, தெற்கு, மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று நகரத்துக்கே பல காவல் நிலையங்கள். நகரை ஒட்டினால் தாலுகா, வல்லம் என்று எல்லைகள் மாறும். விளம்பரத்தில் "தஞ்சாவூர் புதிய பஸ் நிலையம் அருகில்" என்று போட்டிருக்கும் மனை எந்த நிலையத்துக்கு உட்பட்டது என்பதை மனையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கண்ணுக்கு அருகில் தெரியும் நிலையம் உங்கள் நிலையமாக இல்லாமலும் போகலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவரிடம், "பாஸ்போர்ட் விசாரணைக்கு உங்க வீட்டுக்கு எந்த ஸ்டேஷன்லேருந்து வந்தாங்க?" என்று கேளுங்கள். எல்லைக்கு உரிய நிலையத்திலிருந்துதான் வந்திருப்பார்கள். மனை இரண்டு நிலையங்களின் எல்லையோரத்தில் இருந்தால் இரண்டின் கணக்கையும் எடுங்கள். தெருவின் ஒரு பக்கத் திருட்டு ஒரு நிலையத்திலும் எதிர்ப்பக்கத் திருட்டு இன்னொன்றிலும் பதிவாகியிருக்கும்.

2. மாவட்டப் புள்ளிவிவரம்: என்ன சொல்லும், என்ன சொல்லாது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற அறிக்கையை வெளியிடுகிறது. அதில் நகர வாரியான கணக்கு 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரங்களுக்கு மட்டுமே உண்டு. தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்தான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தஞ்சைக்குக் கிடைப்பது மாவட்ட எண். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 24,05,890. திருவிடைமருதூரும் அதிராம்பட்டினமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அந்த எண்ணை வைத்து நாஞ்சிக்கோட்டை சாலையில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்க முடியாது. நாளிதழில் வரும் 'குற்றம் அதிகரிப்பு', 'குற்றம் குறைவு' செய்திகளைச் சரியாகப் படிக்க மட்டும் உதவும். அப்படிப் படிக்கும்போது தடுக்கி விழக்கூடிய இடங்கள் இவை:

*2020ஆம் ஆண்டு.* 2019இல் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டப்படி பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1.68 லட்சம், 2020இல் ஏறத்தாழ 8.9 லட்சம். திருடர்கள் பெருகிவிடவில்லை. ஊரடங்கை மீறியவர்கள் மீது 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகளே எண்ணை இப்படி உயர்த்தின. மொத்த எண்ணை ஒருபோதும் நம்பாதீர்கள். திருட்டு, வீடு புகுதல், பறிப்பு என்று இனம் பிரித்தே பாருங்கள்.

*மாவட்டப் பிரிவினை.* 2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது. நாகை மாவட்டத்தின் 2020, 2021 எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொன்னால் அது எல்லை மாறியதால் வந்த குறைவு.

*சட்ட மாற்றம்.* 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. செயின் பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவு கிடையாது. திருட்டாகவோ கொள்ளையாகவோ பதிந்தார்கள். இப்போது பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது. 2024க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

*பெரிய குற்றம் மட்டும்.* ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் ஆவணக் காப்பகம் அவற்றில் மிகக் கடுமையானதை மட்டுமே எண்ணும். நகைக்காக ஒருவரைக் கொன்றால் அது கொலைக் கணக்கில் சேரும். கொள்ளைக் கணக்கில் வராது.

*வந்துபோகிறவர்கள்.* குற்ற விகிதம் லட்சம் மக்களுக்கு இத்தனை என்று கணக்கிடப்படுகிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கூடும் லட்சக்கணக்கானவர்கள் அந்த ஊரின் மக்கள்தொகையில் இல்லை. அவர்கள் இழக்கும் செல்போன் மட்டும் அந்த ஊர் நிலையத்தின் கணக்கில் சேரும். பேருந்து நிலையம், பெரிய மருத்துவமனை, கோயில் சன்னிதி ஆகியவற்றை எல்லைக்குள் வைத்திருக்கும் எல்லா நிலையங்களுக்கும் இது பொருந்தும். மருத்துவமனை வாசலில் காணாமல் போன வண்டிக்கும், பின்னால் இருக்கும் குடியிருப்பின் பாதுகாப்புக்கும் தொடர்பு குறைவு.

*பதிவாகாதவை.* புகார் கொடுத்ததும் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது எப்.ஐ.ஆராக மாறினால்தான் குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறும். ஐ.டி.எஃப்.சி. நிறுவனம் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, திருட்டுகளில் மிகப் பெரும்பாலானவை எப்.ஐ.ஆர். ஆகவே இல்லை என்று காட்டியது. ஆகவே எண் கூடுதலாக இருக்கும் நிலையம், புகாரை ஒழுங்காகப் பதியும் நிலையமாகவும் இருக்கலாம். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு.

3. எப்.ஐ.ஆரை எடுத்துப் படியுங்கள்

உங்களுக்கு உண்மையில் வேண்டியது நிலைய அளவிலான விவரம். 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், எப்.ஐ.ஆர்களைப் பதிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், பயங்கரவாத வழக்குகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எப்.ஐ.ஆர். எண் ஆகியவற்றைக் கொடுத்தால் நகல் கிடைக்கும்.

எண் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் 1 என்று தொடங்கி வரிசையாக எண் போகும். 1, 2, 3 என்று போட்டுப் பாருங்கள். விலக்கு பெற்றவை வராது, மற்றவை வரும். டிசம்பர் கடைசியில் எண் எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த நிலையம் அந்த ஆண்டில் பதிந்த வழக்குகளின் தோராயமான எண்ணிக்கை.

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் சட்டப் பிரிவைப் பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303, பறிப்பு 304, வீட்டுக்குள் திருட்டு 305, வழிப்பறி, கொள்ளை 309, வீடு புகுதல் 331. பழைய வழக்குகளில் 379, 380, 392, 454, 457 என்று இருக்கும். இவை இருந்தால் மட்டும் உள்ளே போங்கள்.

உள்ளே குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, சம்பவ இடம்: நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எந்த பீட் என்று படிவத்திலேயே இருக்கும். இரண்டு, சம்பவ நேரம். பூட்டிய வீட்டுத் திருட்டில் "10ஆம் தேதி காலை முதல் 14ஆம் தேதி இரவு வரை" என்று போட்டிருந்தால் அது வீட்டார் ஊரில் இல்லாத காலம். திருடன் வந்த நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பறிப்பு வழக்கில் மட்டும் நேரத்தை அப்படியே நம்பலாம். மூன்று, புகாரின் உடலில் உள்ள வழி விவரம்: பின்கதவு உடைப்பு, மாடிக் கதவு, ஜன்னல் கம்பி, வயல் பக்கச் சுவர் ஏறுதல்.

எப்.ஐ.ஆரில் புகார்தாரரின் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். அவற்றை எழுதிக்கொள்ளவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. ஏற்கெனவே நகையை இழந்தவரை ஊர்ப்பேச்சுக்கு இழுக்கும் உரிமை நமக்கு இல்லை.

4. பத்து ரூபாயில் எண்ணிக்கை

மூன்று ஆண்டு எப்.ஐ.ஆர்களை ஒவ்வொன்றாகத் திறக்க நேரம் இல்லாதவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் இப்படிக் கேளுங்கள்:

"பிரிவு 6(1)இன் கீழ், ______ காவல் நிலைய எல்லையில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான பின்வரும் வழக்குகளின் எண்ணிக்கையை மாதவாரியாக வழங்க வேண்டுகிறேன்: (அ) வீடு புகுந்து திருடுதல், (ஆ) நகை பறிப்பு, (இ) இருசக்கர வாகனத் திருட்டு. (ஈ) அதே காலத்தில் வழங்கப்பட்ட சி.எஸ்.ஆர். ரசீதுகளின் மொத்த எண்ணிக்கை. (உ) நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட காவலர் பணியிடங்கள், தற்போது பணியில் உள்ளவர்கள். பெயர் விவரம் எதுவும் தேவையில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெயர் கேட்டால் தனிநபர் விவரம் என்று மனுவை மறுக்க வாய்ப்பு உண்டு. (ஈ)யும் (உ)வும் உங்களுக்குக் கூடுதலாக ஒன்றைச் சொல்லும்: அந்த நிலையத்துக்கு வரும் புகார் எவ்வளவு, அதைப் பார்க்க ஆள் எத்தனை பேர்.

5. வரைபடம் போடும் முறை

கூகுள் வரைபடத்தில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி ஏ3 தாளில் அச்செடுங்கள். வீடு புகுந்த திருட்டுக்குச் சிவப்பு, பறிப்புக்கு நீலம், வண்டித் திருட்டுக்குப் பச்சை. புள்ளியின் பக்கத்தில் மாதத்தையும், தெரிந்தால் நேரத்தையும் எழுதுங்கள். சரியான வீட்டைத் தேட வேண்டாம். தெருமுனை வரை குறித்தால் போதும். பிரிட்டனின் வரைபடத்திலும் புள்ளிகளை வேண்டுமென்றே தோராயமாகத்தான் வைக்கிறார்கள்.

பிறகு அதே தாளில் இவற்றையும் வரையுங்கள்: வாய்க்கால், வாய்க்கால் கரைப் பாதை, தரிசு மனை, வயலோரம், தெருவிளக்கு எரியாத இடம், டாஸ்மாக் கடை, புறவழிச் சாலைக்கு ஏறும் வழி. புள்ளிகள் இவற்றில் எதை ஒட்டி விழுகின்றன என்று பாருங்கள். பகுதிக்கே உரிய ஆபத்து என்று ஒன்று இருப்பது அரிது. பெரும்பாலும் ஒரு கரைப் பாதையோ கடைசி இரண்டு தெருக்களோதான் புள்ளிகளைத் தாங்கி நிற்கும். அதே நகரில் மூன்று தெரு உள்ளே தள்ளி வீடு பார்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

6. டெல்டாவில் தெருவைப் பார்ப்பது

காவிரிப் பாசனப் பகுதிக்கென்று சில தனி விஷயங்கள் உண்டு. வெளியூர் வழிகாட்டிகளில் இவை இருக்காது.

இங்கே புதிய 'நகர்'கள் பலவும் நேற்றுவரை நெல் விளைந்த நிலங்கள். பத்து மனைக்கு இரண்டு வீடு, சுற்றிலும் வயல். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும். இப்படி ஆள் இல்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது கேமராவைவிடப் பெரிய காவல்.

வயலுக்குப் பருவம் உண்டு. சம்பா பயிர் நிற்கும் கார்த்திகை, மார்கழியில் சேற்றுக்குள் இறங்கி யாரும் வர முடியாது. தை, மாசியில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்ததும் அதே வயலில் மோட்டார் சைக்கிளே ஓட்டலாம். வாய்க்காலும் அப்படித்தான்: மேட்டூர் அணை திறந்து தண்ணீர் ஓடும்போது தடுப்பு, வறண்ட மாதங்களில் நடைபாதை. வீட்டின் பின்சுவர் வயலைப் பார்த்திருந்தால் கட்டாயம் இரண்டு பருவத்திலும் போய்ப் பாருங்கள். பொங்கலும் மே மாத விடுமுறையும் வீடுகள் பூட்டிக் கிடக்கும் காலம். உங்கள் சிவப்புப் புள்ளிகளின் மாதங்களை இவற்றோடு சேர்த்துப் படியுங்கள்.

ஒரே நாளில் மூன்று வேளை நடந்து பாருங்கள். காலை ஐந்தரை மணிக்குக் கோலம் போடும் பெண்கள் தெருவில் இருக்கிறார்களா, அந்நேரம் விளக்கு எரிகிறதா? பிற்பகல் இரண்டு மணிக்குத் தெரு வெறிச்சோடுகிறதா? இரவு ஒன்பதுக்கு மேல் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை நடக்கும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் கடை ஒன்றாவது வழியில் உண்டா? பெண்களின் கருத்தைப் பெண்களிடமே கேளுங்கள். "அக்கா, ராத்திரி பொண்ணு டியூஷன் முடிஞ்சு வந்தா நீங்க முனைக்குப் போய்க் கூட்டிட்டு வருவீங்களா, தனியா வந்துடுமா?" என்ற ஒரே கேள்விக்கு வரும் பதில் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் குறைந்ததில்லை. இஸ்திரிக்காரர், பால்காரர், பெட்டிக்கடைக்காரர் ஆகியோர் தெருவை நாள் முழுதும் பார்ப்பவர்கள். "அண்ணே, ரோந்து வண்டி இந்தப் பக்கம் வருமா? பட்டா புத்தகம் எங்க வச்சிருக்காங்க?" என்று கேளுங்கள். ரோந்துக் காவலர் கையெழுத்திடும் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்திருந்தால், ரோந்து வருகிறது என்று பொருள்.

மனைப்பிரிவின் ஒப்புதலையும் பாருங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கும்; விளக்கு எரியாவிட்டால் பொறுப்பேற்க ஓர் அலுவலகம் உண்டு. ஒப்புதல் இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பு யாருடையது என்பதிலேயே வழக்கு நடக்கும்.

குற்றத்தை மட்டும் பார்த்துச் சாலையை மறந்துவிடக் கூடாது. 2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் கொலையுண்டவர்கள் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக உங்கள் பிள்ளை புறவழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமென்றால், அது வரைபடத்தில் உள்ள எந்தச் சிவப்புப் புள்ளியையும்விடப் பெரிது.

7. கேட்கக் கூடாத கேள்வி

"அங்கே எந்த ஆளுங்க இருக்காங்க?" என்பது நம் ஊரில் பாதுகாப்பு விசாரணை என்ற பெயரில் நடக்கும் சாதி விசாரணை. அதற்கு வரும் பதிலில் குற்றத்தைப் பற்றி ஒரு தகவலும் இருக்காது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நடந்த குற்றத்தை விட்டுவிட்டு, பிறந்த சமூகத்தையே குற்றவாளியாகப் பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். நாடு முழுவதும் அது 1952இல்தான் நீங்கியது. கந்தர்வகோட்டைக் கள்ளர், கந்தர்வகோட்டைக் குறவர் என்று தஞ்சை வட்டாரச் சமூகங்கள் இன்றும் தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் (அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்) பட்டியலில் இருக்கின்றன. ஆட்களை வைத்து இடத்தை அளந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் அனுபவித்திருக்கிறது.

இன்னொரு தவறும் நேரக்கூடும். ஒரு நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் அதிகமாக இருந்தால், அங்குள்ள தலித் குடியிருப்பைப் 'பிரச்சினையான ஏரியா' என்று முத்திரை குத்துகிறார்கள். அந்த வழக்குகள் அந்த மக்கள் மீது நடந்த குற்றங்கள். 1968 டிசம்பர் 25 அன்று, அப்போதைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எரிந்தது சேரி, எரித்தவர்கள் சேரிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவாகும் குடும்ப வன்முறை வழக்குகளையும் இதே கண்ணோடு படியுங்கள். வழக்கு கூடினால் பெண்கள் துணிந்து வந்து புகார் கொடுக்கிறார்கள் என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். உங்கள் வரைபடத்தில் சம்பவங்கள் மட்டும் இருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரோ சமூகமோ அதில் ஏறக் கூடாது.

8. முடிவுக்கு வருதல்

எண்ணிக்கையை வீட்டுக் கணக்கால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு உதாரணக் கணக்கு: முதல் பகுதியில் 1,500 வீடு, மூன்று ஆண்டில் 9 வீட்டுத் திருட்டு. இரண்டாவது பகுதியில் 200 வீடு, 4 திருட்டு. பார்த்தவுடன் இரண்டாவது நல்லதாகத் தெரியும். வகுத்தால் முதலாவதில் ஆண்டுக்கு ஆயிரம் வீட்டுக்கு 2. இரண்டாவதில் கிட்டத்தட்ட 7. அதோடு நிறுத்தாமல் தேதியைப் பாருங்கள். அந்த நான்கும் ஒரே வாரத்தில் நடந்து, பிறகு ஒன்றுமே இல்லையென்றால் ஒரே கும்பலின் வேலையாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒன்று இரண்டாக, ஒரே கரைப் பாதையை ஒட்டி நடந்திருந்தால் அது இடத்தின் குறை.

பிறகு குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். விளக்கு, புதர், பலவீனமான பின்கதவு, மாடிப்படிக் கதவு இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. அவற்றுக்கு ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். சுற்றிலும் காலி மனை, வீட்டைத் தொட்டு ஓடும் கரைப் பாதை, பிள்ளை கடக்க வேண்டிய புறவழிச் சாலை இவை உங்களால் மாற்ற முடியாதவை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் வேறு இடம் பாருங்கள்.

குடிபோன பிறகு வரைபடத்தைத் தூக்கிப் போடாதீர்கள். குடியிருப்போர் சங்கத்தின் முன் வையுங்கள். விளக்கு இல்லாத முனைகளையும் சிவப்புப் புள்ளிகளையும் ஒரே தாளில் காட்டி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். "எங்கள் பகுதியில் திருட்டு அதிகம்" என்ற மனுவைவிட "இந்த மூன்று கம்பத்தில் விளக்கு இல்லை, இங்கே இரண்டு ஆண்டில் நான்கு வீடு உடைக்கப்பட்டிருக்கிறது" என்ற மனுவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குப் போகும்போது நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் சின்னத் திருட்டு நடந்தாலும் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள். அடுத்து அந்தத் தெருவில் வீடு பார்க்க வருபவருக்கு உண்மையான கணக்கு கிடைக்க வேறு வழி கிடையாது.